கைப்பேசியில் சீனம்: காதிலிருந்து தொடங்குங்கள்

சீனத்தில் ‘மை’ என்ற அசையைக் குரலைத் தாழ்த்திச் சொன்னால் ‘வாங்கு’. அதையே மேலிருந்து சட்டென்று இறக்கிச் சொன்னால் ‘வில்’. கொடுக்கல் வாங்கலில் ஊறிய செட்டிநாட்டுக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும். தொனி தப்பினால் சொல்லே தப்பிவிடும்.

கைப்பேசியில் சீனம் படிக்கத் தொடங்குகிறவர்கள் பலர் இரண்டு மூன்று மாதத்தில் நூறு இருநூறு எழுத்துகளை அடையாளம் கண்டுவிடுகிறார்கள். ஆனால் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் புரிவதில்லை. செயலியைக் கண்ணால் மட்டும் படித்ததன் விளைவு இது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர், மலேசியா வேலைக்குப் போகிறவர்கள், சீனாவின் குவாங்சோ, யீவு சந்தைகளில் சரக்கு எடுக்க நினைப்பவர்கள், பழம்பொருள் வியாபாரம் பார்ப்பவர்கள் ஆகியோருக்குப் பேச்சுதான் முதலில் வேண்டியது. அதனால் இங்கே காதுக்கும் வாய்க்கும் முதலிடம், எழுத்துக்கு அடுத்த இடம்.

தொடங்குமுன் ஒரு தெளிவு. செயலிகள் கற்றுத் தருவது மாண்டரின் என்னும் பொதுச் சீனம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வயதான சீனர்கள் வீட்டில் ஹொக்கியனோ தியோச்சுவோ கான்டனீஸோ பேசுவார்கள். அவை காதுக்கு வேறு மொழிகள். அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன அப்பச்சிமார் கிட்டங்கியில் (தொழிலிடத்தில்) கேட்டதும் பெரும்பாலும் அவற்றைத்தான். அவர்கள் வழியாக வீட்டில் தங்கிய ஒன்றிரண்டு சொற்கள் அகராதிச் செயலியில் கிடைக்காவிட்டால் தவறு செயலியில் இல்லை.

எத்தனை செயலி

நான்கு போதும். அகராதிக்கு ப்ளெகோ, சொற்களைக் கேள்வி-விடைக் கார்டுகளாகத் திரும்பத் திரும்பக் காட்டி நினைவில் நிறுத்த அங்கி, பாட வரிசைக்கு ஹலோசைனீஸ், டுவோலிங்கோ போன்ற ஏதாவது ஒன்று, தட்டச்சுக்கும் குரலுக்கும் ஜிபோர்டு. பாடச் செயலி இரண்டு வைத்துக்கொண்டால் ‘நான் மாணவன்’ என்பதையே இரண்டு முறை படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அங்கி ஆண்ட்ராய்டில் ‘அங்கிடிராய்டு’ என்ற பெயரில் இலவசம்; ஐபோனில் ‘அங்கிமொபைல்’ காசு கொடுத்து வாங்க வேண்டியது; கணினியில் இலவசம். இதே பெயரைச் சாயலாக வைத்துச் சந்தா கேட்கும் வேறு செயலிகளும் கடையில் உண்டு, பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்து இறக்குங்கள். ப்ளெகோவின் அடிப்படை அகராதி இலவசம், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். கேமராவில் எழுத்தை வாசிப்பது போன்ற கூடுதல் வசதிகளுக்குத்தான் கட்டணம். தொடக்கத்தில் அவை வேண்டாம்.

கைப்பேசியைத் தயார் செய்தல்

ஜிபோர்டு அமைப்பில் மொழிகள் பகுதிக்குப் போய் எளிய சீனத்தை (இன்று சீனாவில் வழங்கும் எளிமையாக்கிய எழுத்து) சேருங்கள். பின்யின் விசைப்பலகை, கையெழுத்துப் பலகை இரண்டையும் தேர்ந்தெடுக்கவும். பின்யின் என்பது சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறை, 1958 முதல் சீனாவின் அதிகார முறை. அடுத்து, கைப்பேசியின் எழுத்தைப் படித்துக் காட்டும் குரல் அமைப்பில் சீனக் குரல் தரவை இறக்கி வைத்துவிடுங்கள். மதுரை பஸ்ஸில் சிக்னல் போனாலும் கார்டு பேசும்.

பலர் கவனிக்காத ஒரு சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் ஒருங்குறியில் சீனம், ஜப்பானியம் இரண்டுக்கும் ஏராளமான எழுத்துகளுக்கு ஒரே எண்தான். எந்த நாட்டு வடிவத்தைக் காட்டுவது என்பதைக் கைப்பேசி உங்கள் மொழிப் பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்கும். பட்டியலில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் இருந்தால் சில கருவிகள் ஜப்பானிய வடிவத்தைக் காட்டிவிடும். சோதிக்க ‘எலும்பு’ என்ற எழுத்தைத் தேடிப் பாருங்கள்: அதன் தலைக்குள் இருக்கும் சின்ன மூலை சீன வடிவத்தில் இடப்பக்கம், ஜப்பானிய வடிவத்தில் வலப்பக்கம். வலப்பக்கம் தெரிந்தால் கைப்பேசியின் மொழிப் பட்டியலில் தமிழுக்குக் கீழே எளிய சீனத்தை இரண்டாவதாகச் சேருங்கள். இதைச் செய்யாமல் ஆறு மாதம் எழுதிப் பழகியபின் கையைத் திருத்துவது கஷ்டம்.

தமிழ் வாயில் ஏற்கெனவே இருப்பது

பின்யினை ஆங்கிலம்போல் படிப்பதுதான் நம் ஆட்கள் செய்யும் முதல் தவறு. ஆங்கில வரிசையின் 2, 4, 7-ஆவது எழுத்துகள் பின்யினில் ‘பஸ்’, ‘டாக்டர்’, ‘கேஸ்’ என்ற ஆங்கிலச் சொற்களின் அதிரும் ஒலிகள் அல்ல. ‘பால்’, ‘தண்ணி’, ‘கல்’ என்று தமிழில் தொடங்குகிறோமே, அந்த அதிர்வில்லாத ப, த, க. இவை நமக்குப் பிறவியிலேயே உண்டு.

16, 20, 11-ஆவது எழுத்துகளுக்கு அதே ப, த, க ஒலியோடு மூச்சையும் தள்ள வேண்டும். இது தமிழில் இல்லை. உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘பெரிய’ என்று பொருள்படும் தா4 சொல்லும்போது காகிதம் அசையக்கூடாது. ‘அவன்’ என்று பொருள்படும் த்ஹா1 சொல்லும்போது துள்ள வேண்டும். ஒரு வாரம், தினம் ஐந்து நிமிடம் செய்தால் கைகூடும். (சொல்லுக்குப் பின்னால் உள்ள எண் தொனியின் எண். ப்ளெகோவிலும் இப்படியே அசையும் எண்ணுமாகத் தட்டித் தேடலாம்.)

பின்யினின் ‘ஆர்’ ஏறக்குறைய நம் ழகரம். ‘மனிதன்’ என்பதை ரென் என்று படிக்காமல் ழென்2 என்றால் சீனர் காதில் சரியாக விழும். ‘நான்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘சீ’ என்று படிக்கத் தோன்றும். அது ‘காசு’ என்பதன் கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்கு நெருக்கம், உதடு குவியாத ‘சு’.

நாம் தடுமாறும் இடங்களும் உண்டு. இரண்டு உயிருக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பின்னும் வல்லினத்தை மென்மையாக்குவது தமிழின் இயல்பு. சீனத்தில் அது கூடாது. தலைநகரின் பெயர் பெய்3ச்சிங்1. ‘அச்சு’ என்பதில் வரும் சகரம் அது, ‘பீஜிங்’ என்பதன் ஜகரம் அதில் இல்லை. அடுத்தது, சொல்லின் முடிவில் ங் வந்தால் நம் நாக்கு தானாக ஒரு ‘கு’வைச் சேர்க்கும். ஷாங்4 என்றால் ‘மேலே’, ஷான்1 என்றால் ‘மலை’. ‘சங்கம்’ என்று தொடங்கி ங்-இலேயே நிறுத்திப் பழகுங்கள்.

சீன ஒலிகளை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைக்காதீர்கள். இங்கே விளக்கத்துக்காக எழுதியிருக்கிறது, அவ்வளவே. தமிழில் எழுதினால் மூச்சுள்ள ஒலியும் இல்லாததும் ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது.

தொனியைச் சோதிக்கும் முறை

முதல் தொனி உயரத்தில் சமமாக நிற்கும். இரண்டாவது, ‘ஆஆ?’ என்று வியந்து கேட்பதுபோல் மேலே ஏறும். மூன்றாவது அடியில் கிடக்கும். நான்காவது, ‘போ!’ என்று அதட்டுவதுபோல் விழும். இவை தவிர எடையில்லாத ஒன்றும் உண்டு. மூன்றாம் தொனியைப் பாடச் செயலிகள் இறங்கி ஏறும் வளைவாகப் படம் போடுகின்றன. ஓடும் பேச்சில் அது பெரும்பாலும் தாழ்ந்து கிடப்பதோடு சரி. ஒவ்வொரு முறையும் வளைத்தால் பேச்சு நொண்டும். இரண்டு மூன்றாம் தொனி அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாவதாக மாறும்: எழுதுவது நி3 ஹாவ்3, சொல்வது நி2 ஹாவ்3. பின்யினில் இந்த மாற்றத்தைக் காட்டமாட்டார்கள்.

நமக்கு இன்னொரு பழக்கம், கேள்வி என்றால் வாக்கியக் கடைசியைத் தூக்குவது. அப்படித் தூக்கினால் கடைசிச் சொல்லின் தொனி கெடும். கேள்விக்கென்றே ‘மா’ என்ற இடைச்சொல் கடைசியில் வருகிறது, நம் ‘வர்றியா’வின் ‘ஆ’ மாதிரி. வேலையை அதனிடம் விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்குச் சொற்சோடிகள்: மை3 (வாங்கு), மை4 (வில்); யென்1 (புகை), யென்2 (உப்பு); த்ஹாங்1 (சூப்பு), த்ஹாங்2 (சர்க்கரை); ஷுய்3ச்சியாவ்3 (நீரில் அவித்த கொழுக்கட்டை), ஷுய்4ச்சியாவ்4 (தூங்கு). ப்ளெகோவில் ஒவ்வொன்றையும் ஒலிக்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எது என்று சொல்லுங்கள். பத்துக்கு ஒன்பது சரியாக வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம். காதுக்குப் பிடிபடாததை வாய் சொல்லாது.

பிறகு ஜிபோர்டின் குரல் தட்டச்சில் சீனத்தை வைத்துப் பேசிப் பாருங்கள். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. முழு வாக்கியம் சொன்னால் சூழலைப் பார்த்து அது ஊகித்துவிடும், தொனி தப்பாக இருந்தாலும் சரியான எழுத்தே வரும். ஒற்றை அசை சொன்னால் எதையாவது போடும். மேலே உள்ள கொழுக்கட்டை, தூக்கம் மாதிரி ஈரசைச் சோடிகள்தான் நம்பகமான சோதனை.

கணினி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல கருவி ப்ராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மா, டேவிட் வீனிங்க் உருவாக்கிய இலவச மென்பொருள். ‘நியூ’வில் ‘ரெக்கார்டு மோனோ சவுண்ட்’ போய்ப் பதிந்து, ‘சேவ் டு லிஸ்ட்’ கொடுத்து, ‘வியூ அண்ட் எடிட்’ திறந்தால் குரலின் ஏற்ற இறக்கம் கோடாகத் தெரியும். குரல் எல்லையை ஆண்களுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண்களுக்கு 100 முதல் 500 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். மேலே ஓர் இயல்பான பேச்சாளரின் பதிவு, கீழே உங்களுடையது என்று வைத்துக் கோட்டின் வடிவத்தை ஒப்பிடுங்கள். உயரம் ஒத்துப்போக வேண்டியதில்லை. மூன்றாம் தொனியின் அடியில் கோடு அறுந்து காணாமல் போகலாம். குரல் அங்கே கரகரப்பதால் வருவது, பிழை இல்லை.

பதிவை வளவில் வைத்துச் செய்யாதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த பெரிய கூடத்தில் எதிரொலி கலந்து கோடு உடைந்து உடைந்து வரும், குரல் தட்டச்சும் தடுமாறும். மெத்தையும் துணியும் கிடக்கும் சின்ன அறைக்குள் போய், மின்விசிறியை நிறுத்தி, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் மூச்சொலி புயல்போல் பதியும்.

அங்கியில் கார்டு போடுதல்

ஒரு நாளைக்குப் புதியது 10 போதும். ஆர்வத்தில் 30 போடுபவர்கள் மூன்றாவது வாரத்தில் கைவிடுகிறார்கள். 10 போட்டாலே சில வாரங்களில் தினசரி மறுபார்வை 70, 80 என்று ஏறி நிற்கும். நேரமில்லாத நாளில் புதியதை நிறுத்துங்கள், மறுபார்வையை நிறுத்தாதீர்கள். அமைப்பில், மறுபார்வை நாளைக் கணிக்கும் எஃப்எஸ்ஆர்எஸ் முறையை இயக்கி, நினைவு அளவை 90 விழுக்காட்டில் விடலாம்.

அங்கியில் நடக்கும் பெருந்தவறு பொத்தானில். மறந்துபோன கார்டுக்கு ‘கடினம்’ என்று அழுத்துவார்கள். அது ‘கஷ்டப்பட்டு ஞாபகம் வந்தது’ என்பதற்கான பொத்தான். மறந்ததற்கு ‘மறுபடி’தான். தவறி அழுத்தினால், தெரியாத சொல்லைத் தெரிந்ததாகக் கணக்கிட்டு இடைவெளியை நீட்டிவிடும். எட்டு முறை மறந்த கார்டை அங்கி தானே அடையாளமிடும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். அதைத் திரும்ப எடுக்காமல், வேறு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு புதிதாக எழுதுங்கள்.

கார்டின் முன்பக்கம் ஒலி மட்டும். பின்பக்கம் எழுத்து, பின்யின், தமிழ்ப் பொருள். ஆங்கிலப் பொருளை அப்படியே ஒட்டாதீர்கள். அகராதிகளெல்லாம் ஆங்கிலம் வழியாக வருவதால் சீனத்துக்கும் தமிழுக்கும் பொதுவாக இருப்பதே அழிந்துபோகிறது. உறவுமுறையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘பிரதர்’ ஒன்றுதான். சீனத்தில் அண்ணன் கெ1கெ, தம்பி தி4தி. அக்கா ச்சியெ3ச்சியெ, தங்கை மெய்4மெய். ‘அங்கிள்’ என்று ஆங்கிலம் ஒரே மூட்டையில் கட்டுவதைச் சீனம் நம்மைப்போலவே பிரிக்கிறது: பெரியப்பா போ2போ, சித்தப்பா ஷு1ஷு, தாய்மாமன் ச்சியூ4ச்சியூ. அப்பத்தா நை3நை, ஆயா (அம்மாவின் அம்மா) வை4ப்ஹோ2. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் நி3, நின்2 என்று அங்கே உண்டு. கார்டில் ‘யூ’ என்று எழுதினால் அந்த மரியாதை எங்கே போகும்? தானியங்கி மொழிபெயர்ப்பும் இந்த இடங்களில்தான் வழுக்கும். அதில் வந்த வாக்கியத்தைக் கார்டில் போடுமுன் சொல் சொல்லாக ப்ளெகோவில் சரிபார்க்க வேண்டும்.

ஆயத்தக் கார்டுக் கட்டு இறக்கினால் எந்தப் பட்டியல் என்று பாருங்கள். சீன மொழித் திறன் தேர்வான எச்எஸ்கேயின் பழைய ஆறு நிலைப் பட்டியலில் முதல் நிலைக்கு 150 சொல், இரண்டுக்கு 300, மூன்றுக்கு 600. 2021-இல் வந்த தரத்தில் நிலைகள் ஒன்பது, முதல் நிலைக்கே 500 சொல். இரண்டையும் கலந்தால் குழப்பம்.

தட்டச்சும் எழுத்தும்

பின்யினில் தட்டும்போது அசை அசையாகத் தட்டாதீர்கள். ‘ஷி’ என்று மட்டும் தட்டினால் பக்கம் பக்கமாக எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். முழுச் சொல்லையோ தொடரையோ தட்டினால் சரியானது முன்னால் வரும். இரண்டு புள்ளி வைத்த ‘யு’வுக்கு விசைப்பலகையில் ‘வி’யை அழுத்த வேண்டும், ‘பெண்’ என்ற சொல் கிடைக்கவில்லை என்பவர்கள் சாதாரண ‘யு’ போட்டிருப்பார்கள். அந்த ஒலிக்கு உதட்டை ‘ஊ’வுக்குக் குவித்து நாக்கால் ‘ஈ’ சொல்லுங்கள்.

எல்லா எழுத்தையும் கையால் எழுதிப் பழக வேண்டியதில்லை. முதல் 200 எழுத்துக்கு மட்டும் எழுதுங்கள், உறுப்புகள் கண்ணில் பதிய அது போதும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நான்கு கட்டத்தைச் சேர்த்து ஓர் எழுத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கிடைக்கோடு முன், குத்துக்கோடு பின், மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், பெட்டியின் அடிக்கோடு கடைசியில். ‘அம்மா’ என்ற எழுத்தைப் பிரித்தால் இடப்பக்கம் ‘பெண்’, வலப்பக்கம் ‘குதிரை’. குதிரை என்பது மா3. அது ஒலியைச் சொல்கிறது, பெண் பொருளைச் சொல்கிறது. பெரும்பாலான எழுத்துகளின் கட்டுமானம் இதுவே. ப்ளெகோவில் எழுத்தைத் தொட்டால் உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் பக்கம் உண்டு.

எண்

சீனர் எண்ணை நான்கு இலக்கமாகக் கட்டுகிறார்கள். 10,000-க்கு வான்4 என்று தனிச் சொல். ஒரு லட்சம் என்பது ஷி2 வான்4, அதாவது பத்து வான்; பத்து லட்சம் நூறு வான்; கோடி ஆயிரம் வான்; பத்துக் கோடிக்கு யி4 என்று புதுச் சொல். 3,50,000 என்பது 35 வான். மனத்துக்குள் மில்லியனுக்கு மாற்றிப் பிறகு வானுக்குப் போகாதீர்கள். லட்சத்துக்கு ஒரு சுழியைச் சேர்த்தால் வான், நேராகப் போய்விடலாம். கடை விலைகளை இப்படி வாய்விட்டுச் சொல்லி தினம் ஐந்து எண் பழகினால் பேரத்தில் திணற வேண்டாம்.

மனிதக் குரல்

மூன்று மாதத்துக்குப் பிறகு ஹலோடாக், டேண்டம் போன்ற மொழிப் பரிமாற்றச் செயலியில் 30 வினாடிக் குரல் செய்தி அனுப்பத் தொடங்குங்கள். எழுத்து அரட்டை தொனிக்கு உதவாது. ‘எந்தச் சொல் விளங்கவில்லை?’ என்று குறிப்பாகக் கேளுங்கள், ‘சரியா?’ என்றால் மரியாதைக்குச் சரி என்பார்கள். பணம், முதலீடு என்று பேச்சு திரும்பினால் அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். வீசாட், பைடு மொழிபெயர்ப்பு ஆகியவை 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் தடைசெய்யப்பட்டவை, பழைய வழிகாட்டிகள் அவற்றைச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

கேமரா

சிங்கப்பூரில் இருக்கும் உறவினரிடம் நான்கு மொழி அறிவிப்புப் பலகைகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கட்டுமான இடத்து அபாயப் பலகையில் சீனத்துக்குக் கீழேயே தமிழ் இருக்கும். இதைவிடச் சுலபமான பாடம் கிடைக்காது. கூகுள் லென்ஸில் எழுத்தை எடுத்து, சொற்களை ப்ளெகோவில் பார்த்து, ஒரு பலகைக்கு இரண்டு சொல்லைக் கார்டாக்கலாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பீங்கான் ஜாடியைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்குக் கேமரா அவ்வளவு எளிதில் உதவாது. முதலில், ஜாடியின் அடியில் இருப்பது பழைய முழு வடிவ எழுத்து. 1956-இல் தொடங்கிய எளிமையாக்கத்துக்கு முந்தையது. ப்ளெகோவில் இரண்டு வடிவமும் தெரியும்படி வையுங்கள். அடுத்து, ஆறெழுத்து முத்திரை மேலிருந்து கீழாக, வலப்பத்தி முதலில் என்று போகும். ‘பெரிய சிங் வம்சம், காங்ஷி ஆட்சியில் செய்தது’ என்ற முத்திரையில் வலப்பத்தி தா, சிங், காங் என்று முடிய, இடப்பத்தி ஷியில் தொடங்கும். பேரரசர் பெயரே இரண்டாகப் பிரிந்து கிடக்கும். செயலி அதை இடமிருந்து வலமாகப் படித்து உளறும். பத்தி பத்தியாக வெட்டிக் கொடுங்கள். ஃபிளாஷ் போட்டால் மெருகில் வெளிச்சம் தெறிக்கும், ஜன்னல் வெளிச்சத்தில் நேராகப் பிடியுங்கள். சதுரமாக வளைந்து வளைந்து போகும் முத்திரை எழுத்து என்றால் செயலிகள் பெரும்பாலும் படிக்காது. படித்துவிட்டாலும் காலம் உறுதியாகாது. காங்ஷி ஆண்டது 1661 முதல் 1722 வரை, அவர் பெயரைப் பின்னாளில் போட்ட ஜாடிகள் ஏராளம். விலை பேசுமுன் பீங்கான் தெரிந்தவரிடம் களிமண்ணையும் அடி வளையத்தையும் காட்டிவிடுங்கள்.